கறுத்த இலை மட்டும் போதாது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் இலையில் ஸ்டார்ச் (மாவுச்சத்து) இருக்கிறதா என்று அயோடின் விட்டுப் பார்க்கும் சோதனையைப் படத்தோடு போட்டிருந்தீர்கள். பிள்ளைகள் படிக்கும் பக்கத்தில் இப்படி ஒரு சோதனைக்கு இடம் கொடுத்ததற்கு முதலில் நன்றி. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த நிமிடத்திலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் 29 ஆண்டுகள் பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சோதனையைச் செய்து காட்டுபவர் ஆசிரியர். முந்தின நாளே செடியை இருட்டில் வைப்பது, அயோடின் கரைசல் கலப்பது, ஸ்பிரிட்டை, அதாவது ஆல்கஹாலை, அளந்து ஊற்றி வைப்பது, எல்லாம் முடிந்த பிறகு பீக்கரில் ஒட்டிக்கொண்ட பச்சைக் கறையைத் தேய்த்துக் கழுவுவது, இவையெல்லாம் என் வேலை. இந்த ஒரு சோதனைக்காக எத்தனை நூறு இலைகளைக் கிள்ளியிருப்பேன் என்று கணக்கில்லை.

படத்தில் ஒரு முக்காலி, அதன் மேல் கம்பிவலை, வலை மேல் பீக்கர், பீக்கருக்குள், பச்சையத்தை நீக்குவதற்காக ஆல்கஹாலில் போட்ட இலை, கீழே எரிகிற விளக்கு. இதுதான் என்னைப் பதறவைத்தது. ஆல்கஹால் இருக்கிற பாத்திரத்தை நெருப்பின் மேல் நேராக வைக்கவே கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது ஆண்டு. பாடவேளை முடிய பத்து நிமிடந்தான் இருந்தது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தால் நேரமாகும் என்று ஆசிரியர் ஸ்பிரிட் பீக்கரை அப்படியே கம்பிவலை மேல் வைத்துவிட்டார். நான் அடுத்த மேசையில் சோதனைக்குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். 'குப்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் வழியாக நல்ல வெயில் மேசை மேல் விழுந்துகொண்டிருந்தது. எரிகிற ஆல்கஹாலின் சுடர் அவ்வளவு வெளிறிய நீலம். பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாது. பக்கத்திலிருந்த ரெக்கார்டு நோட்டின் ஓரம் தானாகப் பழுப்பாகிச் சுருண்டபோதுதான் நெருப்பு எங்கே நிற்கிறது என்று புரிந்தது. முன்வரிசையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாணவியின் நெற்றி முடி பொசுங்கியது. ஈரக் கோணியைத் தூக்கிப் பீக்கர் மேல் போட்டேன். என் மணிக்கட்டில் இன்றும் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குக் கண் தப்பியது, அது ஒன்றே போதும்.

எத்தில் ஆல்கஹால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஆனால் அதன் ஆவி தீப்பிடிக்க அந்தச் சூடெல்லாம் வேண்டியதில்லை, சாதாரண அறையின் வெப்பமே தாராளம். ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் பீக்கரின் விளிம்பு வழிந்து கீழே இறங்கும். கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு வழி மிகச் சுலபம். ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். இலையை அதில் ஒரு நிமிடம் போட்டு எடுங்கள். அப்புறம் விளக்கை அணையுங்கள். அணைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்பிரிட் பாட்டிலின் மூடியைத் திறக்க வேண்டும். ஒரு சிறு பீக்கரிலோ அகலமான சோதனைக்குழாயிலோ ஸ்பிரிட்டை ஊற்றி, இலையை அதில் போட்டு, அதை அந்த வெந்நீருக்குள் இறக்கி வைத்தால் போதும். தண்ணீர் 100 டிகிரியை ஒட்டி இருக்கிறது, ஸ்பிரிட்டுக்கு 78 போதும். நெருப்பே இல்லாமல் தானாகக் குமிழி விட்டுக் கொதிக்கும். தண்ணீர் ஆறிவிட்டால் மறுபடி விளக்கைப் பற்றவைக்கக் கூடாது. வேறிடத்தில் கொதித்த தண்ணீரைக் கொண்டுவந்து மாற்ற வேண்டும். விபத்துக்குப் பிறகு எங்கள் ஆய்வகத்தில் 26 ஆண்டுகள் இப்படித்தான் செய்தோம்.

சரி, படத்தை விட்டு அதன் கீழே இருந்த வரிகளுக்கு வருகிறேன். நாலே வரி. இலையைப் பறி, வேகவை, பச்சையத்தை நீக்கு, அயோடின் விடு. நீலக்கறுப்பாக மாறினால் ஒளிச்சேர்க்கை நடந்தது என்று நிரூபணமாகிவிட்டது. இவ்வளவுதான் எழுதியிருந்தது.

ஒரு செடியிலிருந்து ஒரு இலையைப் பறித்து அயோடின் விட்டால் அது நமக்குச் சொல்வது ஒன்றே ஒன்று: இந்த இலையில் இப்போது ஸ்டார்ச் இருக்கிறது. அது எப்போது வந்தது, வெளிச்சத்தால் வந்ததா என்ற கேள்விக்கெல்லாம் அந்தக் கறுத்த இலையிடம் பதில் கிடையாது. நேற்றைய வெயிலில் சேர்ந்த ஸ்டார்ச்சாகக்கூட இருக்கலாம். அதனால்தான் செடியை முதலில் இருட்டில் வைக்க வேண்டும் என்கிறார்கள். உங்கள் நாலு வரியில் அந்த இருட்டைக் காணவே இல்லை.

என்னைக் கேட்டால், இந்தச் சோதனையின் உயிரே அந்த இருட்டுதான். 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் செடியை இருட்டில் வைத்தால், இலையில் இருந்த ஸ்டார்ச்சைச் செடி தானே சர்க்கரையாக மாற்றிச் செலவழித்துவிடும். கரும்பலகையைத் துடைத்துவிட்டு எழுதத் தொடங்குவதைப் போல. துடைத்தாயிற்றா என்று பார்க்க, வெளிச்சத்துக்குக் கொண்டுபோவதற்கு முன்பே ஓர் இலையைக் கிள்ளி அயோடின் விட்டுப் பார்க்க வேண்டும். அது பழுப்பாக, அயோடினின் சொந்த நிறத்திலேயே நின்றால்தான் மேற்கொண்டு போகலாம். இந்த முதல் இலையைப் பெரும்பாலான பள்ளிகளில் யாரும் பறிப்பதில்லை. நானும் தொடக்கத்தில் பறித்ததில்லை.

பறிக்க வைத்தது ஓர் அலமாரி. செம்பருத்தித் தொட்டியை மரஅலமாரிக்குள் வைத்துப் பூட்டுவது என் வழக்கம். ஒரு முறை சும்மா இருக்கட்டுமே என்று, செடியை வெளியே எடுத்ததும் ஓர் இலையைச் சோதித்தேன். இலை முழுக்கப் பழுப்பு, நடுவில் மட்டும் குறுக்கே விரல் அகலத்தில் ஒரு நீலக்கறுப்புப் பட்டை. கை தவறி அயோடின் கூடுதலாக விழுந்துவிட்டதோ என்று இன்னொரு இலையைப் பறித்தேன். அதிலும் பட்டை, கொஞ்சம் சாய்வாக. மறுநாள் மதியம் அலமாரிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு மணிக்கு மேல் மேற்கு ஜன்னலின் உடைந்த பலகை வழியாக வெயில் உள்ளே வந்து, அலமாரியின் இரண்டு கதவுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் நேராக விழுந்தது. அந்த இடுக்கு வழியே போன வெயில் எங்கெங்கே பட்டதோ அங்கெல்லாம் இலை ஸ்டார்ச் செய்து வைத்திருக்கிறது. வெளிச்சம் பட்ட இடத்தை இலை இவ்வளவு துல்லியமாக எழுதி வைக்கும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கே இடுக்கில் கறுப்புத் துணியை ஒட்டினேன். அதற்குப் பிறகு முதல் இலையைச் சோதிக்காமல் ஒரு தொட்டியையும் வகுப்புக்கு அனுப்பியதில்லை.

இதைத்தான் ஜெர்மனியின் தாவரவியலாளர் ஜூலியஸ் வான் சாக்ஸ் 1860-களின் தொடக்கத்தில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். இலையின் பச்சைத் துகள்களுக்குள் ஸ்டார்ச் மணிகள் இருப்பதை ஹியூகோ வான் மோல் 1837-லேயே கவனித்திருந்தார். ஆனால் செடியை இருட்டில் வைத்தால் அந்த மணிகள் மறைகின்றன, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் அதே இடத்தில் மறுபடி தோன்றுகின்றன என்று காட்டியவர் சாக்ஸ். மறைவதும் தோன்றுவதும் இரண்டும் சேர்ந்துதான் சாட்சி. உங்கள் நாலு வரி தோன்றுவதை மட்டும் வைத்துக்கொண்டு மறைவதை விட்டுவிட்டது.

மறைவதும் ஒரு பெரிய விஷயம் என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். பகலில் சேர்த்த ஸ்டார்ச்சைத்தான் செடி இரவு முழுவதும் வைத்துச் சாப்பிடுகிறது. அராபிடாப்சிஸ் என்று கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சின்னச் செடி; உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்ப்பது அதைத்தான். அது விடிவதற்குள் தன் கையிருப்பில் சுமார் 95 சதவீதத்தைச் செலவழித்துவிடுகிறது, முழுக்கவும் தீர்ந்து பட்டினி கிடப்பதில்லை. வழக்கத்தைவிடச் சில மணி நேரம் முன்னாலேயே விளக்கை அணைத்து இரவை நீட்டினால், செலவழிக்கும் வேகத்தை அதற்கேற்பக் குறைத்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் நாரிச் நகரத்தில் இருக்கும் ஜான் இன்ஸ் மையத்தின் ஆராய்ச்சியாளர்கள், கையிருப்பை மீதி நேரத்தால் வகுப்பது போன்ற ஒரு கணக்கு இலைக்குள் நடக்கிறது என்று 2013-ல் எழுதினார்கள். ஒவ்வொரு ஆண்டும் என் அலமாரிக்குள்ளும் அந்தக் கணக்கு நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்தது கறுப்புக் காகிதம். இலையின் நடுவில் இரண்டு பக்கமும் கறுப்புக் காகிதத்தைக் கிளிப் போட்டு மாட்டி, செடியை வெயிலில் வைத்து, மாலையில் சோதித்தால் மூடிய இடம் மட்டும் பழுப்பாக இருக்கும். வெளிச்சம் இல்லை, அதனால் ஸ்டார்ச் இல்லை. எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஒருநாள் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆசிரியரிடம் கேட்டான்: "சார், காகிதம் வெளிச்சத்தை மட்டுமா மறைக்குது? காத்தையும்தானே மறைக்குது? கார்பன் டை ஆக்சைடு போகாததால ஸ்டார்ச் வரலைன்னு ஏன் சொல்லக்கூடாது?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. ஆசிரியர் நல்லவர். கோபப்படாமல், "நல்ல கேள்விப்பா. எப்படிக் கண்டுபிடிக்கலாம்னு நீயே யோசிச்சுச் சொல்லு" என்றார். மறுநாள் அவன் நோட்டு அட்டையின் கண்ணாடித்தாளைக் கிழித்துக்கொண்டு வந்தான். ஓர் இலையில் கறுப்புக் காகிதம், அதே செடியின் இன்னொரு இலையில் அதே அளவுக்குக் கண்ணாடித்தாள், இரண்டுக்கும் ஒரே மாதிரி கிளிப். காற்று இரண்டிலும் ஒன்றுபோலத்தான் மறைபடும், வெளிச்சம் ஒன்றில் மட்டும் மறைபடும். மாலையில் இரண்டு இலைகளையும் வெள்ளை ஓட்டின் மேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம். கறுப்புக் காகிதம் இருந்த இடம் பழுப்பு. கண்ணாடித்தாள் இருந்த இடம் சுற்றியுள்ள இலையைவிடக் கொஞ்சம் வெளிறியிருந்தாலும் நீலக்கறுப்புத்தான். அந்தக் கொஞ்சம் வெளிறல்கூட அவன் கேட்டதற்கு ஒரு பதில்தான்: காற்று மறைபட்டதும் சிறிது தடுத்திருக்கிறது, ஆனால் பெரிய தடை வெளிச்சம் இல்லாததுதான். இந்த ஐயத்துக்காகவே காற்று உள்ளே போய்வரத் துளைகள் வைத்த ஒரு சிறு பெட்டி உண்டு, கானாங் ஒளித்திரை என்று பெயர். எங்களிடம் அது இல்லை. ஒரு துண்டுக் கண்ணாடித்தாள் அந்த இடத்தை நிரப்பியது.

உங்கள் பக்கத்தில் போட்ட படத்தில் ஒரே ஓர் இலைதான் இருக்கிறது. பக்கத்தில் இன்னொன்று இல்லாவிட்டால் எதை வைத்து எதைச் சொல்வது? 1883-ல் யோசெஃப் பேம் என்பவர் ஸ்டார்ச் தீர்ந்துபோன இலைகளைச் சர்க்கரைக் கரைசலில் மிதக்கவிட்டு இருட்டில் வைத்தார். வெளிச்சமே படாமல் அந்த இலைகள் ஸ்டார்ச் செய்தன. சர்க்கரை எங்கிருந்து வந்தாலும் இலைக்கு அதை ஸ்டார்ச்சாகக் கட்டி வைக்கத் தெரியும். ஆகவே ஸ்டார்ச் இருந்தாலே ஒளிச்சேர்க்கை என்று ஒரே அடியாகச் சொல்ல முடியாது. இருட்டில் துடைத்த செடி, சர்க்கரை கொடுக்கவில்லை, தண்ணீரும் காற்றும் பொது, வெளிச்சம் மட்டும் வித்தியாசம் என்று எல்லாவற்றையும் சரிசமமாக வைத்த பிறகு வருகிற கறுப்புக்குத்தான் அர்த்தம்.

எதிர்ப்பக்கமும் இப்படித்தான். ஸ்டார்ச் இல்லை என்றால் ஒளிச்சேர்க்கை இல்லை என்று சொல்லிவிட முடியுமா? வெங்காயத் தாளை நாள் முழுக்க வெயிலில் வைத்து அயோடின் விட்டுப் பாருங்கள், கறுக்காது. வெங்காயம் தன் இலையில் ஸ்டார்ச்சாகச் சேர்ப்பதில்லை, சர்க்கரையாகவே வைத்துக்கொள்கிறது. ஒளிச்சேர்க்கை அங்கேயும் நன்றாகவே நடக்கிறது. அதற்கும் மேலே, 1985-ல் காஸ்பர், ஹ்யூபர், சாமர்வில் ஆகியோர் ஸ்டார்ச்சே செய்ய முடியாத ஓர் அராபிடாப்சிஸ் வகையை விவரித்தார்கள். அதில் ஒரே ஒரு நொதி வேலை செய்யாது. தொடர்ந்து வெளிச்சத்தில் வைத்தால் அது மற்றச் செடிகளைப் போலவே வளர்கிறது. பகலைச் சுருக்கி இரவை நீட்டினால் தேங்கிப்போகிறது, இரவுக்குக் கையிருப்பு இல்லையே. ஒளிச்சேர்க்கை என்பது சம்பாதிப்பது, ஸ்டார்ச் என்பது சேமிப்பு. அயோடின் சேமிப்பைத்தான் காட்டுகிறது.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இதுவரை யாரிடமும் சொல்லாதது.

ஒரு செய்முறைத் தேர்வில் ஒரு மாணவிக்கு இந்தச் சோதனை விழுந்தது. முறையாக எல்லாம் செய்தாள். இலை வெந்தது, ஸ்பிரிட்டில் பச்சை முழுக்க இறங்கியது, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து ஓட்டில் விரித்தாள், அயோடின் விட்டாள். பழுப்பு. இரண்டு நிமிடம் காத்திருந்தாள், பழுப்புத்தான். விடைத்தாளில் 'நீலக்கறுப்பு நிறம் தோன்றவில்லை. இந்த இலையில் ஸ்டார்ச் இல்லை' என்று எழுதினாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, புத்தகத்துல என்ன இருக்கு? அதை எழுது" என்றார். அவள் நிமிர்ந்து ஒரு தடவை இலையைப் பார்த்தாள். எழுதியதை அடித்துவிட்டு, நீலக்கறுப்பு தோன்றியது என்று எழுதினாள். மார்க் கிடைத்தது.

எனக்குத் தெரியும் அது ஏன் பழுப்பு என்று. அன்று நாள் முழுக்க மேகம். தேர்வுக்காக நான் இருட்டிலிருந்து எடுத்த தொட்டிகளில் ஒன்று, இடம் போதாமல், வராந்தாவின் உள்மூலையில் நின்றது. அதிலிருந்துதான் அவளுக்கு இலை போயிற்று. ஸ்டார்ச் சேர வழியே இல்லை. அந்தப் பெண் கண்ணால் பார்த்ததை எழுதினாள், அது சத்தியமான விடை. நான் கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு மூன்றடி தள்ளி நின்றேன். தொட்டி நின்ற இடத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்று அவளுக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். இந்தக் கடிதத்தை எங்கேயாவது படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: நீ முதலில் எழுதியதுதான் சரி அம்மா.

இனி கைவேலை பற்றிச் சில விஷயம். புத்தகத்தில் அதிகம் இருக்காது, செய்து பார்க்கிறவர்களுக்கு உதவும்.

ஸ்பிரிட்டிலிருந்து எடுத்த இலை காய்ந்த அப்பளத்தைப் போல மொறுமொறுவென்று இருக்கும், அவசரப்பட்டு விரித்தால் உடைந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் துணி மாதிரி தளர்ந்துவிடும். ஆனால் சூடாக இருக்கும்போதே அயோடின் விடாதீர்கள். ஸ்டார்ச்சின் சுருள் போன்ற மூலக்கூறுக்குள் அயோடின் நுழைந்து உட்காரும்போதுதான் அந்த நீலம் வருகிறது. சூடு பட்டால் பிடி விட்டுப்போய் நிறம் மறைந்துவிடும், ஆறினால் திரும்ப வரும். சூடான இலையில் அயோடின் விட்டு 'வரலையே' என்று இலையைத் தூக்கி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐந்து நிமிடம் கழித்துக் குப்பைக்கூடையில் அந்த இலை நீலக்கறுப்பாகக் கிடக்கும்.

அயோடின் கரைசல் வைக்கோல் நிறத்தில் இருந்தால் போதும். கடுமையாகக் கலந்தால் இலை முழுக்க அடர்பழுப்பாகி, எது ஸ்டார்ச் எது அயோடின் என்று பிரித்தறிய முடியாது. வெறும் தண்ணீரில் அயோடின் சரியாகக் கரையாது, பொட்டாசியம் அயோடைடு சேர்த்துத்தான் கரைக்க வேண்டும். இலையில் விட்டு இரண்டு மூன்று நிமிடம் கழித்துத் தண்ணீரில் அலசிவிட்டு, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தால் நரம்புகள் வெளிறியும் இடைப்பகுதி கறுத்தும் தெளிவாகத் தெரியும்.

வெள்ளையும் பச்சையும் கலந்த இலையை எடுத்தால் வேகவைப்பதற்கு முன்பே அதன் வரைபடத்தைக் காகிதத்தில் வரைந்துகொள்ளச் சொல்லுங்கள். ஸ்பிரிட்டில் போட்ட பிறகு எது பச்சையாக இருந்தது எது வெள்ளையாக இருந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. சிவந்த இலையை எடுத்தாலும் நல்லது. கொதிநீரில் போட்டதும் சிவப்பு தண்ணீரில் இறங்கி, உள்ளே ஒளிந்திருந்த பச்சை வெளியே வரும். 'ஐயோ, இது பச்சை இலையா!' என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு பிள்ளையாவது கத்தும். அப்புறம் அந்தப் பச்சை ஸ்பிரிட்டை உடனே கொட்டிவிடாதீர்கள். ஆறியதும் பலமான வெளிச்சத்தில் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள், ரத்தச் சிவப்பாக ஒளிரும். பச்சையம் வாங்கிய வெளிச்சத்தை என்ன செய்வதென்று தெரியாமல் சிவப்பாகத் திருப்பி விடுகிறது.

ஒன்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறேன். 1914-ல் ஹான்ஸ் மோலிஷ் என்ற தாவரவியலாளர் உயிருள்ள இலையின் மேல் போட்டோ நெகடிவை வைத்து வெயில் காட்டி, பிறகு அயோடினால் அந்தப் படத்தை இலையிலேயே வெளிக்கொண்டு வந்தார். இதைப் படித்துவிட்டு, ஓய்வு பெறுவதற்கு முந்தின ஆண்டு நாங்களும் முயன்றோம். இரண்டு நாள் இருட்டில் இருந்த பெலர்கோனியம் என்ற பூச்செடியின் இலை, அதன் மேல் பழைய கறுப்புவெள்ளை நெகடிவ் ஒன்று, மேலே கண்ணாடித்தட்டு. காலை ஒன்பது மணியிலிருந்து வெயில். முதல் இரண்டு தடவை ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது தடவை, அயோடின் விட்டதும் முதலில் ஒரு புருவம் வந்தது, பிறகு மூக்கின் நிழல், பிறகு காதோரத்து முடி. இருபது பிள்ளைகள் மூச்சுவிடாமல் குனிந்து நின்றார்கள். நெகடிவில் தெளிவாக இருந்த இடத்தில் வெளிச்சம் புகுந்து ஸ்டார்ச் சேர்ந்திருக்கிறது, இருண்ட இடத்தில் சேரவில்லை. ஒரு முகமே ஸ்டார்ச்சால் ஆனது. வெளிச்சத்துக்கும் ஸ்டார்ச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களே, மாணவர் பக்கத்தில் அடுத்த முறை ஒரு திருத்தம் போடுங்கள். படத்தில் விளக்கை எடுத்துவிட்டு வெந்நீர்ப் பாத்திரத்தை வரையச் சொல்லுங்கள், விளக்கை அணைத்த பிறகே ஸ்பிரிட்டைத் திறக்க வேண்டும் என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். இது தாமதிக்கக் கூடாதது. யாராவது ஒரு பிள்ளை பழைய படத்தைப் பார்த்துச் செய்துவிடக்கூடும். ஓர் இலைக்குப் பதில் மூன்று இலைகள் வரையுங்கள்: இருட்டிலிருந்து எடுத்ததும் பறித்தது, வெயிலில் இருந்தது, அதே செடியில் மூடி வைத்தது. கீழே, என்ன நிறம் வந்ததோ அதையே எழுதுங்கள், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று தேடுங்கள் என்று பிள்ளைகளுக்கு ஒரு வரி சேருங்கள். படம் வரைபவருக்குச் சந்தேகம் இருந்தால் சொல்லி அனுப்புங்கள், தொட்டியோடு வந்து செய்து காட்டுகிறேன். இரண்டு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், செடியை இருட்டில் வைக்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வக உதவியாளர்